2011 மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை ஜப்பான் வென்றதை ஏன் இன்றும் பெரிதாகப் பேசுகிறார்கள்?

அந்த மார்ச் 11-இல்தான் நிலநடுக்கமும் சுனாமியும் ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சூறையாடியிருந்தன. நான்கே மாதத்தில் ஜெர்மனியில் உலகக் கோப்பை. காலிறுதியில் அந்த ஜெர்மனியையே கூடுதல் நேரத்தில் 1-0 என வீழ்த்தினார்கள்.

ஆனால் உச்சம், ஜூலை 17 அன்று பிராங்க்ஃபர்ட்டில் நடந்த இறுதி ஆட்டம்தான். அதுவரை தாங்கள் ஒருமுறைகூட வீழ்த்தியிராத அமெரிக்காவிடம் இருமுறை பின்தங்கி, இருமுறையும் எழுந்தார்கள். 117-வது நிமிடத்தில் கார்னரில் வந்த பந்தை, 32 வயது ஹோமாரே சாவா ஓடிவந்து வெளிப்பாதத்தால் திருப்பிவிட்டாரே, அந்த கோலுக்கு ஈடாக ஒன்றை நான் பார்த்ததில்லை! 2-2. பெனால்டியில் கோல்கீப்பர் அயுமி கைஹோரி இரண்டைத் தடுக்க, 3-1 என வெற்றி. ஆண்களோ பெண்களோ, கால்பந்தில் சீனியர் உலகக் கோப்பையை ஆசிய அணி ஒன்று வென்றது அதுவே முதல்முறை.