ஏலச் சீட்டில் 14 டாலர் பிடித்தம்: செக்ஆஃப் யார் கட்டுவது, யார் அனுப்புவது?

கேள்வி: டெக்சாஸில் 18 தாய்மாடு வைத்திருக்கிறோம். போன மாதம் ஏலச்சந்தையில் 7 கன்று விற்றோம். சீட்டில் கமிஷன், பட்டி வாடகை போக, 'பீஃப் செக்ஆஃப்' என்று 14 டாலர் கழித்திருக்கிறார்கள். இது ஊர்ச் சந்தையில் வாங்கும் சுங்கம் மாதிரியா? அடுத்த வாரம் பக்கத்துப் பண்ணையில் 4 கிடேரி நேரடியாக வாங்கப்போகிறேன், அதற்கும் உண்டா? வீட்டுக்கு அறுக்கும் மாட்டுக்கு? வேண்டாம் என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: சுங்கம் என்பது சந்தை இடத்துக்கான கூலி. மாடு விலை போனாலும் போகாவிட்டாலும் உள்ளே ஓட்டினால் கட்டித்தான் ஆக வேண்டும். செக்ஆஃப் அப்படி இல்லை, அது மாட்டிறைச்சி விளம்பரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் மாடு விற்பவரிடம் பிடிக்கும் கட்டணம். மாடு கை மாறினால் மட்டுமே விழும். ஏலத்தில் விலை படியாமல் ஒரு கன்றைத் திருப்பி ஓட்டிவந்திருந்தால் அதற்குப் பிடித்தம் கிடையாது. உங்கள் சீட்டில் விற்ற தலை எண்ணிக்கையும் செக்ஆஃப் போட்ட எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவசரமான ஏல நாளில் இந்த இடத்தில்தான் கணக்கு பிசகும்.

14 டாலரில் இரண்டு வேறு பணம் கலந்திருக்கிறது. தலைக்கு 1 டாலர் வீதம் 7 டாலர், 1985-ம் ஆண்டு மாட்டிறைச்சி மேம்பாட்டு, ஆராய்ச்சிச் சட்டப்படி நாடு முழுவதும் பிடிக்கும் மத்தியக் கட்டணம். மீதி 7 டாலர், டெக்சாஸ் 2014-ல் சேர்த்துக்கொண்ட மாநிலக் கட்டணம். ஒரே வரியில் எழுதுவதால் ஒன்றுபோலத் தெரிகிறது. திரும்பக் கேட்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

கட்டுபவர் எப்போதும் விற்பவர். பணத்தைப் பிடித்து அனுப்புவது வாங்குபவரின் வேலை. ஏலத்தில் அந்த வேலையைச் சந்தைக்காரரே செய்துவிடுவார், அதனால் உங்களுக்குச் சீட்டோடு முடிந்தது. நேரடி விற்பனையில்தான் பலரும் வழுக்குகிறார்கள். நடுவில் ஆள் இல்லாததால் 'அவர் அனுப்பியிருப்பார்' என்று இவரும், 'இவர் பார்த்துக்கொள்வார்' என்று அவரும் இருந்துவிடுகிறார்கள். பணம் போய்ச் சேராவிட்டால் இருவருமே பொறுப்பு.

உங்கள் கிடேரிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒன்று 1,800 டாலர் என்று பேசி முடித்தால் நான்குக்கு 7,200. செக் எழுதும்போது தலைக்கு 2 டாலர் வீதம் 8 டாலரைக் கழித்து 7,192-க்கு எழுதுங்கள். செக்கின் குறிப்பு வரியில் '4 கிடேரி, செக்ஆஃப் 8 டாலர் கழித்தது' என்று போட்டுவிடுங்கள். முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால், பிறகு அந்த 8 டாலருக்காக அவர் வீட்டுக் கதவைத் தட்ட நமக்கே கூச்சமாக இருக்கும், கடைசியில் உங்கள் கையிலிருந்துதான் போகும். விலை பேசும்போதே சொல்லிவிடுவது நல்லது.

பிடித்த பணத்தை, நேரடி விற்பனைக்கென்று உள்ள படிவத்தோடு டெக்சாஸ் மாட்டிறைச்சிக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். விற்பவர், வாங்குபவர் பெயர் முகவரி, விற்ற தேதி, தலை எண்ணிக்கை, தொகை ஆகியவற்றை எழுதுங்கள். கெடு அடுத்த மாதம் 15-ம் தேதி. அக்டோபர் 9 அன்று வாங்கினாலும் 30 அன்று வாங்கினாலும் நவம்பர் 15-க்குள் போக வேண்டும். தவறினால் மாதத்துக்கு 2 சதவீதம் ஏறும். 8 டாலருக்கு அது சில்லறைக் காசுதான், ஆனால் தணிக்கையில் உங்கள் பெயர் அடிபடுவது சில்லறை விஷயம் இல்லை. படிவத்தின் நகலை அந்த நிதியாண்டு முடிந்த பிறகும் 2 ஆண்டு வைத்திருங்கள்.

விற்பவர் உண்மையில் வளர்ப்பவர்தானா, இல்லை வாங்கி விற்கும் வியாபாரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டை வாங்கி 10 நாளுக்குள் கைமாற்றுகிற வியாபாரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் வாய்ச்சொல் போதாது. தான் வளர்ப்பவர் அல்ல என்று கையெழுத்திட்ட சான்றை உங்களிடம் கொடுக்க வேண்டும், அவர் வாங்கியபோது அந்தக் கைமாற்றத்துக்கான செக்ஆஃப் போயிருக்கவும் வேண்டும். 11-ம் நாள் ஆகிவிட்டால் அவரும் வளர்ப்பவர் கணக்குதான். சான்று கையில் வராவிட்டால் கழித்துக்கொண்டே செக் எழுதுங்கள்.

கட்டணம் தலைக்கு, அதுவும் ஒவ்வொரு விற்பனைக்கும். பால் மறந்த கன்றை நீங்கள் விற்கிறீர்கள், மேய்ச்சல்காரர் வளர்த்து ஃபீட்லாட்டுக்கு விற்கிறார், ஃபீட்லாட் கொழுக்கவைத்து இறைச்சி ஆலைக்கு விற்கிறது. ஒரே மாட்டின் மேல் மூன்று முறை மத்திய டாலர் விழுந்தாயிற்று. அதே கன்றை உரிமை மாற்றாமல், தீவனக் கூலி கொடுத்து ஃபீட்லாட்டில் வளர்த்து நீங்களே ஆலைக்கு விற்றால் ஒரே முறைதான். எடை, வயது, விலை எதுவும் பார்ப்பதில்லை. பிறந்த சில நாளில் விற்கும் பால்பண்ணைக் காளைக்கன்றுக்கும் அதே 1 டாலர், கொழுத்த மாட்டுக்கும் அதே 1 டாலர். மலிவான உருப்படி விற்பவருக்கே இது உறுத்தும், அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. இன்னொரு பக்கம், 1986-ல் வசூல் தொடங்கிய நாளிலிருந்து அந்த மத்திய டாலர் ஏறவே இல்லை. விலைவாசியோடு ஒப்பிட்டால் அன்றைய மதிப்பில் 40 சென்ட்கூடத் தேறாது.

வீட்டுச் சாப்பாட்டுக்கு அறுத்தால் எதுவும் கிடையாது. வளர்த்த மாட்டை அறுத்து இறைச்சியாக விற்றால் உண்டு. கால் மாடு, அரை மாடு என்று நான்கு குடும்பம் பங்கு போட்டாலும் கட்டணம் தலைக்குத்தான், பங்குக்கு அல்ல.

இனி, திரும்பக் கிடைக்குமா என்ற கேள்வி. மாநில 7 டாலரை டெக்சாஸ் திருப்பித் தரும். விற்ற சீட்டின் நகலோடு அதற்கான படிவத்தை அனுப்ப வேண்டும், கெடு உண்டு என்பதால் சீட்டு கைக்கு வந்ததும் போட்டுவிடுங்கள். மத்திய 7 டாலர் திரும்பாது. முதல் இரண்டு ஆண்டு அதையும் திருப்பிக் கேட்க முடிந்தது. 1988-ல் நடந்த வாக்கெடுப்பில் 79 சதவீதம் பேர் ஆதரித்த பிறகு கட்டாயமாகிவிட்டது. இயற்கை விவசாயச் சான்று பெற்ற மாடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு, அதற்கு ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். சான்று இல்லாமல் 'நாங்கள் மருந்து போடுவதில்லை' என்று சொன்னால் எடுபடாது.

மத்திய டாலரில் 50 சென்ட் வரை மாநிலக் கவுன்சில் வைத்துக்கொள்ளும், 50 சென்ட் தேசிய மாட்டிறைச்சி வாரியத்துக்குப் போகும். விளம்பரம், ஆராய்ச்சி, நுகர்வோர் தகவல், வெளிநாட்டுச் சந்தை இவற்றுக்குத்தான் செலவிடலாம். வாரியத்தின் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அரசின் கொள்கையை மாற்றவைக்கும் முயற்சிக்கு ஒரு சென்ட்கூடத் தொடக்கூடாது, மேற்பார்வை அமெரிக்க வேளாண் துறையுடையது. ஆனால் பெரும்பகுதி வேலையை ஒப்பந்தமாக எடுக்கும் தேசிய மாட்டிறைச்சி வளர்ப்போர் சங்கத்துக்குக் கொள்கைப் பிரிவு ஒன்றும் தனியாக இருப்பதால், இரண்டு பணமும் ஒரே கூரைக்கடியில் ஏன் என்று சிறு வளர்ப்பாளர்கள் நெடுநாளாகக் கேட்கிறார்கள்.

இறக்குமதி மாட்டுக்கும் இறைச்சிக்கும்கூட இதே கணக்கில் கட்டணம் உண்டு. அதனால் விளம்பரம் 'அமெரிக்க மாட்டிறைச்சி' என்று சொல்லாமல், பொதுவாக 'மாட்டிறைச்சி' என்றே சொல்லும். என் காசில் வெளிநாட்டு இறைச்சிக்கும் விளம்பரமா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்த விளம்பரம் அரசின் பேச்சு, எனவே கட்டாய வசூல் பேச்சுரிமையை மீறவில்லை என்று 2005-ல் தீர்ப்பானது. ஆகவே முன்பு சொன்ன விலக்குகள் தவிர, மத்திய டாலரைக் கட்டாமல் இருக்க வழியில்லை. சில மாநிலங்களில் மட்டும், மாநிலக் கவுன்சிலில் நிற்கும் பங்கையும் தேசிய வாரியத்துக்கே அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். அதையும் விற்ற மாதத்துக்கு அடுத்த மாதம் 15-க்குள் கொடுக்க வேண்டும், பழைய விற்பனைகளுக்குப் பின்தேதியிட்டுச் செய்ய முடியாது.