பொதுவெளிக் கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதானே?
கொரோனா காலத்தில் பூங்காக்களை மூடியதும் கூட்டம் கூடத் தடை போட்டதும் எல்லோருக்கும் பொதுவான விதிதானே, விளிம்புநிலை மக்களுக்கு மட்டும் என்ன தனிப் பாதிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

'வீட்டிலேயே இருங்கள்' என்ற உத்தரவு, இருக்க ஒரு வீடு உண்டு என்று எடுத்துக்கொண்டே எழுதப்படுகிறது. ஒற்றை அறையில் ஆறு பேர் வாழ்ந்தால் பூங்காதான் அவர்களுக்குக் கூடமும் முற்றமும். அதைப் பூட்டினால் அங்குள்ள கழிப்பறையும் குழாயும் சேர்ந்தே பூட்டப்படும். கை கழுவச் சொன்னவர்களே இதையும் செய்தார்கள்!

நியூயார்க்கில் 2020 மே 6 முதல் சுரங்க ரயில் நள்ளிரவு 1 முதல் 5 மணி வரை நிறுத்தப்பட்டது. காரணம் துப்புரவுப் பணி. பெட்டிகளில் உறங்கிவந்த வீடற்றவர்கள் இறக்கிவிடப்பட்டார்கள்.

விதி யார்மீது பாய்கிறது என்பதே பெரிய சிக்கல் என்பேன். அதே நகரின் புரூக்ளினில் மார்ச் 17 முதல் மே 4 வரை சமூக இடைவெளி தொடர்பாகக் கைதான 40 பேரில் 35 பேர் கறுப்பினத்தவர். மெல்போர்னில் அவ்வாண்டு ஜூலை 4 அன்று, சுமார் 3,000 பேர் வசித்த, ஏழைகளுக்கான ஒன்பது அரசுக் குடியிருப்புக் கோபுரங்களை முன்னறிவிப்பின்றிப் போலீஸ் சூழ்ந்தது. இப்படி உடனடியாக அடைத்தது மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று மாநிலக் குறைதீர்ப்பாளர் டிசம்பரில் அறிக்கை தந்தார்.