நன்றாகத்தானே ஓடியது?

கேள்வி: ‘டேர்டெவில்’ சூப்பர்ஹீரோ தொடர் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, நெட்ஃபிளிக்ஸ் ஏன் அதை ரத்து செய்தது? ரசிகர்கள் போராடியதால்தான் அந்த ஹீரோ திரும்பி வந்தார் என்கிறேன் நான். ‘சும்மா இரு, அதெல்லாம் கம்பெனி கணக்கு’ என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. தியேட்டரில் படம் ஓடும். 25வது நாள், 50வது நாள் என்று போஸ்டர் மேல் ஸ்டிக்கர் ஏறும். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவருக்குக்கூட படம் ஓடுகிறதா, படுத்துவிட்டதா என்று தெரியும். டிவி சீரியல் ஓடினால் டிஆர்பி சொல்லிவிடும். ஓடிடி என்று பெயரிலேயே ‘ஓடி’ இருக்கிறது, ஆனால் அங்கே எதுவும் ஓடுவதில்லை. 13 எபிசோடும் ஒரே நாளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். விடிய விடிய ஓடுகிறவர் பார்க்கிறவர்தான்! 2018இல் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் கம்பெனியின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

ஆகவே ஓடியதா என்று கேட்பதைவிட, யார் கல்லாவில் காசு விழுந்தது என்று கேளுங்கள். நான் எப்போதும் காட்டும் உதாரணம் ‘யங் ஜஸ்டிஸ்’ என்ற சூப்பர்ஹீரோ கார்ட்டூன் தொடர். 2010இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கி, 2 சீசன், 46 எபிசோடோடு 2013இல் நின்றுபோனது. பார்க்க ஆள் இல்லாமல் நிற்கவில்லை. அதன் தயாரிப்புச் செலவு மேட்டல் கம்பெனியின் பொம்மைகளோடு கட்டப்பட்டிருந்தது. பொம்மை விற்கவில்லை, பணம் நின்றது என்று உருவாக்கியவர்களில் ஒருவரான கிரெக் வைஸ்மனே விளக்கியிருக்கிறார். அவர் பிறகு ரசிகர்களிடம் கேட்டது கையெழுத்து இல்லை. நெட்ஃபிளிக்ஸில் இருக்கும் பழைய எபிசோடுகளைத் திரும்பத் திரும்பப் பாருங்கள் என்றார். பார்த்தார்கள். 2016 நவம்பரில் மூன்றாம் சீசன் அறிவிப்பு வந்தது, 2019 ஜனவரியில் சீசனே வந்தது. பணம் போடுகிறவன் கண்ணில் படும் எண்ணை ஏற்றிக் காட்டினார்கள், அதுதான் வேலை செய்தது. ஹேஷ்டேக் போட்டுவிட்டு எபிசோடைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘டேர்டெவில்’ விஷயத்தில் கடை நெட்ஃபிளிக்ஸுடையது, சரக்கு மார்வெலுடையது. மார்வெலோ டிஸ்னியின் கையில். தயாரிப்புச் செலவையும் அதற்கு மேல் லாபத்தையும் நெட்ஃபிளிக்ஸ் கொடுக்கும், ஆனால் கதாபாத்திரம் ஒருநாளும் அதற்குச் சொந்தமாகாது. சீசன் ஏற ஏற செலவும் ஏறும். 2018இல் டிஸ்னி தன் சொந்த ஓடிடிக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்ற பழமொழியை நெட்ஃபிளிக்ஸ் நம்பவில்லை, அவ்வளவுதான் என் கணிப்பு. அக்டோபர் 12 அதே மார்வெல் வரிசையின் ‘அயர்ன் ஃபிஸ்ட்’ தொடர் ரத்து. அக்டோபர் 19 ‘லூக் கேஜ்’ ரத்து. அதே 19ஆம் தேதிதான் ‘டேர்டெவில்’ மூன்றாம் சீசன் வெளியானது. 41 நாளில், நவம்பர் 29 அன்று, அதற்கும் சீட்டுக் கிழிந்தது. மூன்றில் ஆகச் சிறந்த சீசன் அது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

இனி உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. ரத்தான பிறகு இரண்டு வருடம் அந்தக் கதாபாத்திரங்களை வேறு எங்கும் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததாக அப்போதே செய்தி வந்தது. எத்தனை லட்சம் பேர் கத்தினாலும் 2020 நவம்பர் கடைசிவரை அந்தப் பூட்டு திறந்திருக்காது. 2021 டிசம்பரில் டேர்டெவிலாக நடித்த சார்லி காக்ஸ் ஸ்பைடர்மேன் படத்திலும், வில்லனாக நடித்த வின்சென்ட் டி’ஒனோஃப்ரியோ ‘ஹாக்ஐ’ தொடரிலும் தலைகாட்டினார்கள். இதுவரை தம்பி பக்கம்தான் நியாயம்.

ஆனால் மார்வெல் எடுத்த புது டேர்டெவில் தொடரான ‘பார்ன் அகெய்ன்’ முதலில் 18 எபிசோடாகத் திட்டமிடப்பட்டபோது, ஹீரோ மர்டாக்கின் நண்பர்கள் ஃபாகி நெல்சனும் கேரனும் அதில் இல்லை. நெல்சன் இல்லாமல் மர்டாக்கா? வடை இல்லாத வடைகறி மாதிரி! 2023இல் ஹாலிவுட் வேலைநிறுத்தத்தில் படப்பிடிப்பு நின்றது. எடுத்தவரை போட்டுப் பார்த்த மார்வெல் தலைகளுக்கே திருப்தி இல்லை. எழுத்துக் குழுவையும் இயக்குநர்களையும் மாற்றி, அந்த இருவரையும் திரும்பக் கூட்டிவந்து, 2025 மார்ச் 4 முதல் 9 எபிசோடாகத் தந்தார்கள். பழைய தொடர் மேல் ரசிகர்கள் வைத்திருந்த பாசம் இங்கேதான் எடுபட்டது. இந்தப் பாதி உங்களுக்கு.

‘டேர்டெவில்’ ரசிகர்களின் வெற்றி என்று நான் கொண்டாடுவது இதையும் இல்லை. 2015 ஏப்ரல் 10 அன்று முதல் சீசன் வந்தது. ஹீரோ பார்வையற்ற வக்கீல். பார்வையற்ற ரசிகர்கள் அந்தத் தொடரைப் பின்தொடர ஒலி வர்ணனை இல்லை. வசனத்துக்கு நடுவே ஒரு குரல் ‘கதவைத் திறக்கிறான், சுவரில் சாய்கிறான்’ என்று சொல்லிக்கொண்டே வருமே, அந்த வசதி. கேள்வி கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். நான்கே நாளில், ஏப்ரல் 14 அன்று, நெட்ஃபிளிக்ஸ் ஒலி வர்ணனையை அறிவித்தது. ‘டேர்டெவில்’தான் முதல் தொடர், மற்றவற்றுக்குப் பிறகு பரவியது.

அதன் அருமை தெரிய வேண்டுமா? முதல் சீசன் இரண்டாவது எபிசோடின் கடைசியில் வரும் தாழ்வாரச் சண்டையைப் போடுங்கள். கடத்தப்பட்ட சிறுவனை மீட்க ஹீரோ வருகிறார். கேமரா தாழ்வாரத்தை விட்டு நகராது. பாதி அடி அறைக்குள்ளே விழுகிறது, நமக்குக் கதவு மட்டும்தான். வசனம் கிட்டத்தட்ட இல்லை. முதலில் அண்ணனும் தம்பியும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: தொப், தடார், முனகல், மூச்சு வாங்கும் சத்தம். யார் விழுந்தது, யார் எழுந்தது, பையன் வெளியே வந்தானா, ஒன்றும் பிடிபடாது. பிறகு ஆடியோ பட்டியலில் ஒலி வர்ணனை இருக்கிறதா என்று தேடி, அதைப் போட்டு மறுபடி கேளுங்கள். இருந்தால் எந்த இடத்தில் அவர் களைத்துச் சுவரில் சாய்கிறார் என்பதுகூடத் தெரிந்துவிடும்.