ஓட்டாத காருக்கும் கோர்ட் அபராதமா?

கேள்வி: அக்கா, நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் ஒரு கேர் ஹோமில் வேலை பார்க்கிறேன். போன வருடம் வீடு மாறினேன். அதன் பிறகு அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் மதுரைக்குப் போய் மூன்று மாதம் இருந்தேன். கார் தெருவோரம்தான் நின்றது. திரும்பி வந்ததும்தான் ரோடு டாக்ஸ் முடிந்திருப்பது தெரிந்தது. அன்றே இணையத்தில் கட்டிவிட்டேன், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். போன சனிக்கிழமை பழைய வீட்டு நண்பர் ஒரு கட்டுக் கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். அதில் மாஜிஸ்திரேட் கோர்ட் கடிதமும் இருந்தது. அபராதம் 220 பவுண்ட், சர்சார்ஜ் 88, செலவு 90, பாக்கி வரி 48.75, ஆக மொத்தம் 446.75. கட்ட வேண்டிய தேதியும் தாண்டிவிட்டது. வண்டியை ஓட்டவே இல்லையே, அதற்கு அபராதமா? ஜெயில் வரை போகுமா? ஐஎல்ஆர், அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான விண்ணப்பத்தை இது கெடுக்குமா? பேசாமல் பணத்தைக் கட்டிவிடலாமா? ராத்திரி தூக்கமே வரவில்லை.
— பெயர் வேண்டாம், லெஸ்டர்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சுருக்கமாக மின்னஞ்சல் அனுப்பினேன். இந்த விஷயத்தில் ஓடும் 21 நாள் கெடு, பத்திரிகை அச்சாகும் வரை காத்திருக்காது. இதே போன்ற கடிதங்கள் மற்ற வீடுகளுக்கும் வருகின்றன என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. வரி கட்டாத காருக்காக யாரையும் ஜெயிலுக்கு அனுப்புவதில்லை. இந்தக் குற்றத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை அபராதம் மட்டும்தான். லைசென்ஸில் பாயிண்டும் ஏறாது. கையில் பணம் இருந்தும் வேண்டுமென்றே அபராதத்தைக் கட்டாமல் இழுத்தடிப்பவர்களுக்குத்தான் கடைசிக் கட்டத்தில் சிறை என்ற பேச்சே வரும். நீங்கள் அந்த ஆள் இல்லை.

அடுத்து, ஓட்டவில்லையே என்ற நியாயம். அது நியாயமாகத்தான் தெரியும், ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பொதுச் சாலையில் வண்டியை ஓட்டினாலும் சரி, சும்மா நிறுத்தி வைத்தாலும் சரி, வரி இருந்தே ஆக வேண்டும். சொந்த டிரைவ்வேயில் நிறுத்திவிட்டு, வண்டி சாலையில் இல்லை என்று டிவிஎல்ஏவிடம், அதாவது வாகனப் பதிவையும் வரியையும் கவனிக்கும் அரசு அமைப்பிடம், பதிவு செய்தால்தான் வரியிலிருந்து தப்பிக்கலாம். அதைத்தான் சோர்ன் என்கிறார்கள். வரியும் இல்லை, சோர்னும் இல்லை என்றால் கராஜுக்குள் பூட்டி வைத்த காருக்கும் அபராதக் கடிதம் வரும். மறந்துவிட்டேன், ஊரில் இல்லை என்பதெல்லாம் அபராதத்தைக் குறைக்க உதவலாம், குற்றமே இல்லை என்று ஆக்காது. முன்பு கண்ணாடியில் ஒட்டியிருந்த வரிக்கான வட்டச் சீட்டாவது தேதியை ஞாபகப்படுத்தும். 2014 அக்டோபர் 1-க்குப் பிறகு அதுவும் இல்லை. பெரும்பாலும் தபாலில் வரும் ஒரு நினைவூட்டலை நம்பித்தான் ஓடுகிறது. அந்தத் தபால் போனது உங்கள் பழைய வீட்டுக்கு.

உங்களுக்குத் தெரியாமலே கோர்ட் எப்படி முடிவு செய்தது என்று கேட்பீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் சிங்கிள் ஜஸ்டிஸ் புரொசீஜர் என்று ஒரு முறை இருக்கிறது. ரோடு டாக்ஸ், டிவி லைசென்ஸ் போன்ற சின்ன வழக்குகளை ஒரே ஒரு மாஜிஸ்திரேட், சட்ட ஆலோசகர் ஒருவரின் துணையோடு, காகிதத்தைப் பார்த்தே தீர்த்துவிடுவார். திறந்த கோர்ட் கிடையாது, யாரும் நேரில் வர வேண்டியதில்லை. முதலில் ஒரு நோட்டீஸ் வரும், பதில் சொல்ல 21 நாள் தருவார்கள். பதில் வராவிட்டால் ஆளில்லாமலே தீர்ப்பு. நண்பர் கொடுத்த கடிதக் கட்டுக்குள் அந்த நோட்டீஸும் இருக்கும், தேடி எடுத்து வையுங்கள்.

நீங்கள் எழுதிய 220 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்கு நடந்தது புரிந்துவிட்டது. ஒருவரின் வருமானம் தெரியாதபோது வாரத்துக்கு 440 பவுண்ட் என்று வைத்துக்கொள்வது கோர்ட்டின் வழக்கம். அதில் பாதி 220. சர்சார்ஜ் என்பது அபராதத்தில் 40 சதவீதம், அதுதான் 88. ஆக, உங்கள் சம்பளத்தையோ அப்பாவின் நிலைமையையோ யாரும் பார்த்து இந்தத் தொகையைப் போடவில்லை. பதிலே வராத எவருக்கும் போடும் கணக்கு இது.

பேசாமல் கட்டிவிடலாமா என்றால், வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். வழக்கு நடந்ததே தெரியாமல் தண்டிக்கப்பட்டவருக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன் என்பார்கள். இன்ன தேதி வரை இந்த வழக்கு எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டுக் கொடுக்கும் வாக்குமூலம். ஒரு சொலிசிட்டர், அதாவது வழக்கறிஞர் முன்னால் செய்யலாம், கட்டணம் பெரும்பாலும் 5 பவுண்ட்தான். கோர்ட்டிலேயே நேரம் வாங்கியும் செய்யலாம். தெரிய வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் அது கோர்ட்டின் கையில் இருக்க வேண்டும். உங்களுக்கு அந்த நாள், நண்பர் கடிதக் கட்டைக் கொடுத்த சனிக்கிழமை. காலண்டரில் வட்டம் போடுங்கள். கடிதத்தில் உள்ள அக்கவுண்ட் நம்பரைச் சொல்லி, டிக்ளரேஷன் கொடுக்கப் போகிறேன், அதுவரை வசூல் நடவடிக்கையை நிறுத்தி வையுங்கள் என்று அபராதப் பிரிவுக்குப் போன் செய்துவிடுங்கள். பாக்கியை வசூலிக்க வரும் பெய்லிஃப் கைக்குப் போனால் அவர்களின் கட்டணமும் தலையில் ஏறும்.

இதில் ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிக்ளரேஷனில் ஒரு பொய் கூட இருக்கக் கூடாது. தெரிந்தே பொய் எழுதுவது தனிக் குற்றம், ரோடு டாக்ஸைவிடப் பல மடங்கு பெரிய குற்றம். ஊரில் இருந்தபோது நண்பர் வாட்ஸ்அப்பில் அந்த நோட்டீஸின் படத்தை அனுப்பியிருந்தார், நீங்கள் பார்த்தும் விட்டீர்கள் என்றால் இந்தக் கதவு உங்களுக்கு இல்லை. அப்போது தவணை கேட்டுக் கட்டுவதுதான் வழி. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், மறைந்து நிற்பவர்களைத்தான் துரத்துவார்கள்.

டிக்ளரேஷன் ஏற்கப்பட்டால் பழைய தீர்ப்பு செல்லாததாகிவிடும். ஆனால் குற்றச்சாட்டு போகாது. வழக்கு முதலிலிருந்து தொடங்கும், நீங்கள் மறுபடி பதில் சொல்ல வேண்டும். வண்டி தெருவில் வரியில்லாமல் நின்றது உண்மை என்பதால், குற்றமில்லை என்று வாதாடச் சொல்ல மாட்டேன். தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டால் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 440 கணக்கையே வைத்தாலும் 220 என்பது சுமார் 147 ஆகும், சர்சார்ஜும் 59-க்கு இறங்கும். எம்சி100 என்ற வருமானப் படிவத்தை நிரப்பினால் வரியெல்லாம் போகக் கைக்கு வரும் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கோர்ட்டுக்கு எழுதுவதோடு நிற்காமல் டிவிஎல்ஏவுக்கும் தனியாக எழுதுங்கள். வழக்கைப் போட்டது அவர்கள், வாபஸ் வாங்கும் அதிகாரமும் அவர்களிடம்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டு நாம் கோர்ட்டுக்கு எழுதும் உருக்கமான விளக்கத்தை வழக்குப் போட்டவர்கள் வழக்கமாகப் பார்ப்பதே இல்லை என்று 2024-ல் மாஜிஸ்திரேட்டுகளின் சங்கமே குறை சொல்லி, மாற்றம் கேட்டது. அதனால் விமான டிக்கெட், அப்பாவின் மருத்துவமனைச் சீட்டு, வீடு மாறியதற்கான ஆதாரம், திரும்பி வந்ததும் வரி கட்டிய ரசீது ஆகியவற்றின் நகலோடு ஒரு பக்கத்துக்கு எழுதி, கோர்ட்டுக்கு வெளியே தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன் என்று கேளுங்கள். சம்மதிப்பார்கள் என்று என்னால் உறுதி தர முடியாது. கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதே மாதிரிக் கடிதங்களைப் பிரித்துக் கொடுத்தேன். மசாலா டப்பாக்களுக்குக் கீழே இருந்த இழுப்பறையில் ஏழு பழுப்பு உறை, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. இங்கிலீஷ் கடிதம் என்றாலே பயம் அவருக்கு. முதல் உறையில் இருந்தது 80 பவுண்ட் அபராதம், 33 நாளுக்குள் கட்டினால் 40 என்று போட்டிருந்தது. ஏழாவது உறையில் பெய்லிஃப் பெயர் இருந்தது. 40-ல் முடிந்திருக்க வேண்டியது எங்கே போய் நின்றது என்று பார்த்து அன்று எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் அம்மா அப்பா பெயரில் கார் இருந்தால், அவர்களுக்கு வரும் உறைகளைத் தயவுசெய்து நீங்களே பிரித்துப் படியுங்கள். கோர்ட்டுக்குப் போகும் நிலை வந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

ஐஎல்ஆர் விஷயத்துக்கு வருகிறேன். கோர்ட் போட்ட அபராதம் என்பது சின்னதாக இருந்தாலும் குற்றத் தீர்ப்புதான். மற்ற பல காரியங்களுக்கு 12 மாதத்தில் காலாவதியாகிவிடும், ஆனால் குடியேற்ற விண்ணப்பங்களுக்கு அந்த விதி பொருந்தாது. படிவம் கேட்கும் இடத்தில் எழுதியே ஆக வேண்டும். கார் வரி அபராதத்தைவிட, அதை மறைத்தது தெரிய வந்தால்தான் விண்ணப்பத்துக்குப் பெரிய அடி. டிவிஎல்ஏ வாபஸ் வாங்கினால் எழுத வேண்டிய தீர்ப்பே இருக்காது. நான் டிக்ளரேஷனை இவ்வளவு வலியுறுத்துவது சுமார் 102 பவுண்ட் மிச்சத்துக்காக இல்லை, இதற்காகத்தான். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் பதிவு பெற்ற குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இந்தக் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, வி5சி, அதாவது காரின் லாக் புக். லைசென்ஸில் முகவரி மாற்றினால் லாக் புக்கிலும் தானாக மாறிவிடும் என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். மாறாது, இரண்டும் தனித்தனி. உங்களுக்கும் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அரசின் இணையதளத்தில் இலவசமாக மாற்றலாம், இன்று இரவே உட்கார்ந்து மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால், டிவிஎல்ஏ உங்களுக்கு எழுதும் அடுத்த கடிதமும் பழைய வீட்டுக் கதவுக்குள்தான் விழும்.