தொழில் கேள்வி - பதில்: மானியம் கைக்கு வருமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க 8 லட்சம் ஆகும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்கு 35 சதவீதம் சும்மா கிடைக்கும், அதை வைத்துக் கடைக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். விண்ணப்பம் போட்டுத் தர 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா சார்?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது, இந்தத் திட்டத்தை நடத்தும் கதர் கிராமத் தொழில் ஆணையம் எந்த ஏஜென்டையும் நியமிக்கவும் இல்லை. மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போனால் ஆன்லைனில் எப்படிப் போடுவது என்று அவர்களே சொல்லித் தருவார்கள்.

35 சதவீதம் என்பது உண்மைதான். ஊராட்சிப் பகுதியில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு அந்த விகிதம், நகரத்தில் என்றால் 25. ஆனால் அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 8 லட்சத்தில் உங்கள் சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 40,000. மீதி 7,60,000 வங்கி தரும் கடன். அரசு தரும் 2,80,000 மானியம் அதே வங்கிக் கிளையில் உங்கள் பெயரில் டெபாசிட்டாக 3 வருடம் முடங்கிக் கிடக்கும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி வராது, அதற்கு ஈடான கடன் தொகைக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. 3 வருடம் கழித்து நேரில் வந்து பார்த்து, தொழில் நடக்கிறது என்று உறுதியானால்தான் அதைக் கடனில் கழிப்பார்கள். நடுவில் மூடிவிட்டால் மானியம் அரசுக்கே திரும்பிப் போகும், கடன் மட்டும் உங்கள் தலையில் நிற்கும்.

ஆகவே மானியத்தை நம்பி யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். முதல் 3 வருடம் மானியமே இல்லை என்று வைத்துக்கொண்டு, தவணை கட்டிய பிறகும் வீட்டுக்கு ஏதாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சவில்லை என்றால் அந்தத் தொழிலை இப்போதைக்குத் தொடாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று, செக்குத் தொழிலில் மெஷினைவிடப் பெரிய செலவு கடலை. ஒரு கிலோ எண்ணெய்க்கு இரண்டு கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும், அறுவடை நேரத்தில் வாங்கி இருப்பு வைக்கவில்லை என்றால் பிறகு ஏறிய விலைக்குத்தான் வாங்க வேண்டும், எண்ணெய் விலையை நீங்கள் அப்படி மாதத்துக்கு மாதம் ஏற்ற முடியாது. புண்ணாக்கை யார் வாங்குவார், என்ன விலைக்கு என்பதிலேயே பாதி லாபம் இருக்கிறது. உங்கள் 8 லட்சத்தில் இதற்கெல்லாம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் வேண்டிய நடைமுறை மூலதனத்தையும் திட்டச் செலவில் சேர்க்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது, தயவுசெய்து சேருங்கள். மெஷின் கொட்டேஷனை மட்டும் வைத்துத் திட்ட அறிக்கை எழுதி, செக்கு வந்து இறங்கிய பிறகு கடலை வாங்கக் கந்துவட்டிக்கு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நிலத்தின் விலையை மட்டும் திட்டச் செலவில் காட்ட முடியாது.

கேள்வி: அரசு உத்தரவாதம் உள்ள கடன் என்றால், தொழில் நஷ்டமானால் அரசே கட்டிவிடும்தானே?
- ஒரு வாசகர், கடலூர்

பதில்: இல்லை. அந்த உத்தரவாதம் வங்கிக்கு. மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000-ல் தொடங்கிய கடன் உத்தரவாத நிதியம், கடன் வாராக்கடனானால் வங்கியின் இழப்பில் ஒரு பகுதியை ஈடு செய்யும். அதற்கான கட்டணம் பெரும்பாலும் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். உங்களுக்குக் கிடைக்கும் நன்மை, சொத்து அடமானம் இல்லாமல் கடன் கிடைப்பது. நிதியம் பணம் கொடுத்த பிறகும் வங்கி உங்களிடம் வசூல் செய்தே ஆக வேண்டும், கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபிலிலும் ஏறும். சிறு தொழில்களுக்கு அடமானமில்லாமல் தரும் முத்ரா கடனும் அப்படித்தான்.

கேள்வி: பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், கூட இருந்து சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். என் குடும்பத்தில் யாரும் தொழில் செய்ததில்லை. டிப்ளமோ முடித்திருக்கிறேன்.
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: இந்தக் கேள்வியைக் கடன் வாங்கும் முன்பே கேட்டதற்கு முதலில் பாராட்டு. பெரும்பாலானவர்கள் இரண்டு தவணை தவறிய பிறகுதான் ஆளைத் தேடுகிறார்கள்.

மாவட்டம்தோறும் ஒரு வங்கி நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1982-ல் கர்நாடகாவில் தர்மஸ்தலா பக்கம் உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டி என்ற முயற்சியைப் பார்த்து நாடு முழுக்கக் கொண்டுவந்தது. பயிற்சி, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் இலவசம். ஆனால் அதைவிட முக்கியம், பயிற்சி முடிந்து 2 வருடம் உங்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் கடமை. சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு முறை போன் செய்யுங்கள், கடன் விண்ணப்பம் எந்த மேஜையில் நிற்கிறது என்பதையும் அவர்களிடமே சொல்லுங்கள், வங்கியின் சொந்த நிறுவனம் கேட்டால் மேலாளர் பதில் சொல்லுவார்.

அப்புறம், நீங்கள் டிப்ளமோ, குடும்பத்தில் முதல் தலைமுறை என்பதால் தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தையும் பாருங்கள். 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம், வட்டியில் 3 சதவீதச் சலுகை. சென்னை கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் இதற்கான பயிற்சியை நடத்துகிறது. வயது வரம்பும் இந்த ஆண்டு ஒதுக்கீடும் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அம்மாவோ அக்காவோ மகளிர் குழுவில் இருந்து அவர்கள் பெயரில் தொடங்குவதானால், தமிழக அரசின் வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில் மகளிர் தொழில்களுக்கு உதவும் மதி சிறகுகள் தொழில் மையம் உங்கள் வட்டாரத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இதெல்லாம் இருந்தாலும், நீங்கள் செய்யப்போகும் அதே தொழிலில் இருக்கும் ஒருவர் வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் உங்களைப் போட்டியாக நினைப்பார், இரண்டு மாவட்டம் தள்ளி இருப்பவர் மனம் விட்டுப் பேசுவார். அவரிடம் "இந்தத் தொழில் நல்லா இருக்குமா?" என்று கேட்டால் ஒரு பயனும் இல்லை. கடனுக்குச் சரக்கு கொடுத்தால் பணம் எத்தனை நாளில் திரும்புகிறது, எந்த மாதத்தில் வியாபாரம் படுத்துவிடும், மெஷின் ரிப்பேரானால் ஆள் எங்கிருந்து வருகிறார், இவற்றைக் கேட்டு நோட்டில் எழுதி வாருங்கள். திட்ட அறிக்கையை அதற்குப் பிறகு எழுதினால் போதும்.

கேள்வி: 2 வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். 2 மெஷின் சேர்க்க 1,50,000 வேண்டும். மானியக் கடன் கிடைக்குமா?
- ஒரு வாசகி, திருப்பத்தூர்

பதில்: பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்தின் முதல் கடன் புதுத் தொழிலுக்கு மட்டும்தான். கணவர் பெயரில் புதிதாகத் தொடங்குவது போலக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஆய்வில் தெரிந்தால் மானியம் போய்விடும். உங்களுக்கு முத்ராவில் கிஷோர் பிரிவு பொருந்தும், 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை. மானியம் இல்லை, அடமானமும் இல்லை. வங்கிக்குப் போகும் முன் உதயம் என்ற சிறுதொழில் பதிவைப் போட்டுக்கொள்ளுங்கள், அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம். தினசரி வரவை இப்போதிருந்தே வங்கிக் கணக்கு வழியாக விடுங்கள்.

கேள்வி: 7 லட்சம் கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்கிறார் மேலாளர். 10 லட்சம் வரை அடமானம் வேண்டாம் என்று படித்தேனே?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். குறு, சிறு தொழில்களுக்கு உங்களுடையதைப் போன்ற 7 லட்சம் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கடன் பணத்தில் வாங்கும் மெஷினும் சரக்கும் வங்கிக்கு ஈடாகத்தான் இருக்கும், அதற்குக் கையெழுத்து கேட்பது சரியே, அதில் சண்டை போட வேண்டாம். வீட்டுப் பத்திரம் மட்டும் வேறு விஷயம். வாய்ப்பேச்சில் விடாமல், பத்திரம் ஏன் தேவை என்று எழுத்தில் கேளுங்கள், மனுவின் நகலில் கிளை முத்திரை வாங்குங்கள். பல இடங்களில் இந்த ஒரு தாளுக்கே பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால் மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள், வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம்.