‘சும்மா நிற்கிறீர்களே!’

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பயிற்சி முகாமில், ‘முதலில் ஆட விடுங்கள், நுணுக்கம் அப்புறம்’ என்றார்கள். ஏழாம் வகுப்புக்கு வாலிபாலை அப்படி நடத்தினேன். ஒரே கூச்சல். ‘பிள்ளைகளை அவிழ்த்துவிட்டு சும்மா நிற்கிறீர்களே’ என்கிறார் தலைமையாசிரியர். பழையபடி வரிசையில் நிற்கவைத்துப் பயிற்சி தரும் முறைக்கே திரும்பிவிடலாமா?
– ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில் (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்): வேண்டாம் தம்பி. அந்த ‘சும்மா’தான் உங்களைக் குத்தியிருக்கும். விசிலும் ‘அட்டேன்ஷனும்’தான் பி.இ.டி. (உடற்கல்வி ஆசிரியர்) வேலை என்று ஊரே நினைக்கிறது, நாமும் சேர்த்துத்தான். விசிலைப் பாக்கெட்டில் போட்ட புதிதில் கையை எங்கே வைப்பதென்றே எனக்குத் தெரியவில்லை.

‘முதலில் ஆட விடுங்கள்’ என்பது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1982-ல் இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் பங்கர், ராட் தார்ப் என்ற இருவர் எழுதியது. வரிசையில் நின்று அழகாகப் பந்து தட்டும் பிள்ளை, ஆட்டத்தில் எப்போது எங்கே தட்டுவதென்று தெரியாமல் முழிக்கிறதே என்பது அவர்கள் கவலை. நம் தெருக் கபடியில் கால் பிடிக்க யார் வரிசை கட்டிக் கற்றுக்கொடுத்தார்கள்? பாடி வருகிறவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்துப் பார்த்துப் பழகியதுதானே.

ஒரே பந்துக்கு நாற்பது பிள்ளைகள் என்றால் கூச்சல் வரத்தான் செய்யும். மைதானத்தின் குறுக்கே தலைக்குச் சற்று மேலே ஒரு நீளக் கயிறு கட்டுங்கள். சுண்ணாம்பால் சின்னச் சின்னக் கோர்ட்டுகள் போட்டு, மூன்று பேருக்கு மூன்று பேர் விடுங்கள். ரப்பர் பந்து போதும். முதலில் தட்டவே வேண்டாம், பிடித்து எறியட்டும். கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தி, ‘எங்க போட்டா பாயிண்ட் வருது?’ என்று கேளுங்கள். ‘ஆள் இல்லாத இடத்துல சார்’ என்று ஒரு வாண்டு சொல்லும். பிடித்து எறிவது சலித்ததும், ‘சார், கையால எப்படித் தட்டுறது?’ என்று அவர்களே வருவார்கள். அப்போது சொல்லிக்கொடுத்தால் ஒட்டும்.

எல்லா வகுப்பையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். குண்டு, வட்டு, ஈட்டி எறியும் நாட்களில் விசில் உங்கள் வாயிலேயே இருக்கட்டும். அங்கே கட்டளைதான் பாதுகாப்பு. கற்பிக்கும் பாணிகளை வகைப்படுத்திய மஸ்கா மாஸ்டனும் கட்டளைப் பாணியை ஒதுக்கவில்லை, பலவற்றில் ஒன்றாகத்தான் வைத்தார்.

தலைமையாசிரியரைக் கோர்ட் ஓரம் கூப்பிட்டு, பிள்ளைகளிடமே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை நடக்கும் நாளில் மட்டும் கயிற்றை மைதானத்தின் அந்தக் கோடியில் கட்டிக்கொள்ளுங்கள்.