டெல்டா நிரலுக்கு நிரூபணம்: முதலில் தேற்றத்தை எழுதுங்கள்

கேள்வி: ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஆப்ஷன் (பங்கின் விலையைப் பொறுத்துப் பணம் தரும் ஒப்பந்தம்) விலையை, பல தற்செயல் விலைப் பாதைகளின் சராசரி எடுக்கும் மான்டே கார்லோ முறையில் கணக்கிட்டு, நிரலையே வகையிடும் தானியங்கி வகையிடல் வழியாக டெல்டா எடுக்கும் நிரலை எழுதியிருக்கிறேன். டெல்டா என்பது, பங்கின் தொடக்க விலை சற்று நகர்ந்தால் ஆப்ஷன் விலை எந்த விகிதத்தில் மாறும் என்பது. சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. மேலாளரோ கணித நிரூபணம் கேட்கிறார். எங்கே தொடங்குவது?

பதில்: நிரூபணங்களைக் கணினியே சரிபார்க்கும் லீன் மொழியைத் தொடுவதற்கு முன், எதை நிரூபிக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பலர் வழுக்குவது இங்கேதான்.

டிஜிட்டல் ஆப்ஷனை எடுத்துக்கொள்வோம். முடிவு விலை 100 வெள்ளியைத் தாண்டினால் 1 வெள்ளி, இல்லையென்றால் ஒன்றுமில்லை. நிரலில் இது ஒரு 'இஃப்'. இரண்டு கிளையிலும் மாறிலி என்பதால் ஒவ்வொரு பாதைக்கும் வகைக்கெழு 0 என்றே வரும், சராசரியும் 0. உண்மையான டெல்டா அப்படி இல்லை. தொடக்க விலையை 0.00001 நகர்த்தி ஒப்பிடும் சோதனையும் பெரும்பாலும் இதைப் பிடிக்காது. அவ்வளவு சிறிய நகர்வில் எந்தப் பாதையும் 100ஐக் கடக்காவிட்டால் அதுவும் 0 தரும், சோதனை தேறிவிடும்.

ஆகவே 'ஒவ்வொரு பாதையிலும் வகைக்கெழு சரி' என்று நிரூபித்தால், நிரூபணம் சரியாக இருக்கும், டெல்டா தப்பாகவே இருக்கும். தேற்றம் சராசரியின் வகைக்கெழுவைப் பற்றியதாக இருக்க வேண்டும். 2017இல் லீனில் எழுதப்பட்ட செர்ட்டிகிராட் என்ற, நிரூபணத்தோடு கூடிய இயந்திரக் கற்றல் மென்பொருள் இதைத்தான் செய்தது: தொகையீட்டுக்குள்ளே வகையிடலாம் (சராசரியின் வகைக்கெழுவும் வகைக்கெழுக்களின் சராசரியும் ஒன்றே) என்பதை நிபந்தனையாகவே கேட்கிறது. உங்கள் டிஜிட்டல் ஆப்ஷன் அந்த வாசலில் நின்றுவிடும். நிற்கட்டும், அதுதான் நமக்கு வேண்டும். அதற்கு, கிடைக்கும் தொகையை விட்டுவிட்டு விலையின் நிகழ்தகவு அடர்த்தியை வகையிடும் லைக்லிஹுட் ரேஷியோ முறையைத் தனியாக வையுங்கள்.

அப்புறம் ரிவர்ஸ் மோட், அதாவது விடையிலிருந்து பின்னோக்கி வந்து வகைக்கெழு எடுக்கும் தானியங்கி வகையிடல். x பெருக்கல் x, x = 3 என்று வையுங்கள். x இரண்டு இடத்தில் வருகிறது. பின்னோக்கி வரும்போது 3ம் 3ம் சேர்ந்து 6 ஆக வேண்டும். கூட்டாமல் மேலெழுதினால் 3 தான் மிஞ்சும். இந்தக் கூட்டலை, பதிவு நாடாவின் (செய்த கணக்குகளை வரிசையாகப் பதியும் பட்டியலின்) நீளத்தின் மீது கணிதத் தொகுத்தறிதலால் நிரூபிக்கலாம், கடினமில்லை.

ஒன்றை மேலாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இந்த நிரூபணம் மெய்யெண்களுக்கானது. கணினி எண்களைத் தோராயமாக வைப்பதால் வரும் மிதவைப்புள்ளிப் பிழை தனிக் கணக்கு, அதற்குச் சோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

முதல் வாரத்துக்குக் கூட்டல், பெருக்கல், எக்ஸ்போனென்ஷியல் மூன்றும் போதும். கூடவே, நிரலில் 'இஃப்' வரும் இடங்களை எல்லாம் குறித்துவையுங்கள்.